கேனில் ஊறிய வேர்

வத்தல்மலையில் ஆறாத புண்ணுக்கு ஒரு செடியின் வேர்ப்பட்டையை இழைத்துப் பூசுவார்கள். அதில் புண்ணை ஆற்றுவது எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிஎச்.டி. ஆராய்ச்சி. மலையில் சாமை பயிரிடும் ஓர் அண்ணன் ஐந்து வருஷமும் எனக்காக வேர் தோண்டிக் கொடுத்தார். ஒரு செடியில் ஒரு வேருக்கு மேல் வெட்டவே மாட்டார். நான் அவசரப்பட்டால் முறைப்பார்.

ஆய்வகத்தில் பட்டையை ஊறவைக்கப் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது உடைந்ததும் புத்திசாலியாக ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்தேன். மெத்தனாலில் ஊறிய சாற்றை வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு மிஞ்சியது. சோதனைக்கு அனுப்பினோம், பெயர் வந்தது. இந்தச் செடியில் இதுவரை யாரும் கண்டதில்லை என்று என் கைடு எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நான் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் பொருளின் பெயர் அது.

வேரே போடாமல் வெறும் மெத்தனாலை அதே கேனில் வைத்திருந்து அனுப்பிப் பார்த்தேன். அதே பொருள் வந்தது.

கைடிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதையே வேற செடியில இருக்குதுன்னு எத்தனையோ பேரு எழுதிட்டாங்க. உனக்கு மட்டும் என்னம்மா? அடுத்த மாசம் கெடு முடியுது. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறியா?"

எங்கள் ஊர் கம்பைநல்லூரில் அம்மா வேறு பிடித்துக்கொண்டாள். "மாப்ள வூட்டுக்கு இன்னும் எத்தன தடவ சாக்கு சொல்றது?"

உண்மையைச் சொன்னால் ஐந்து வருஷம் போச்சு. மறைத்தால் ஆயுசு முழுக்க மறைக்க வேண்டும். நான் கோழை. அந்தப் பொருள் வேரில் இருந்ததாகவே ஆய்வேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் யாரும் கேனைப் பற்றிக் கேட்கவில்லை. பாராட்டிச் சால்வை போட்டார்கள். நன்றிக்காக அந்த அண்ணனையும் அழைத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் வெளியே வந்ததும் ஆசையாகக் கேட்டார்.

"எங்க வேருல என்னம்மா இருந்துது?"

அவரிடம் பொய் வரவில்லை. கேன் கதையைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை.

"அப்போ வேருல என்ன இருக்குதுன்னு இன்னும் பாக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா."

போட்டோவுக்கு நிற்கச் சொல்லி உள்ளேயிருந்து 'டாக்டர் மேடம்' என்று கூப்பிட்டார்கள். போனேன்.