மீனுக்காகக் கட்டிய கண்

என் தட்டில் இருந்த மீனைக் காப்பாற்றிக்கொள்ள, ஒரு பூனைக்குட்டியின் கண்ணை ஒரு மாதத்துக்கும் மேல் கட்டி வைத்திருந்தேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

குட்டியை வைக்கோல் போருக்கு அடியிலிருந்து எடுத்து வந்தவள் என் மனைவி. தாய்ப்பூனையைக் காணவில்லை. இடது கண்ணருகே காகம் கொத்திய காயம். கூடையில் வைத்து நான்தான் பஸ்ஸில் மன்னார்குடிக்குக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்துவிடச் சொன்னார். மருந்து விடுவதும் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுப் போடுவதும் என் பொறுப்பு. படித்தவன் அல்லவா.

நான் தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவன். கெண்டை வறுவலோடு தட்டு வந்ததும் குட்டி பாயும். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழும். அது எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொள்வதற்குள் துண்டு என் வாய்க்குள் போயிருக்கும். தட்டை அதன் இடது பக்கமாக நகர்த்தி வைத்தால் இன்னும் வசதி என்பதையும் கண்டுபிடித்தேன்.

வாரம் முடிந்தது. கட்டை அவிழ்த்தேன். கண் பளிங்குபோல் தெளிந்திருந்தது. அன்று மத்தியானமே நடுத்துண்டு பறிபோனது. மறுநாள் காலையில் மறுபடி கட்டிவிட்டேன். மனைவி கேட்டதற்கு, டாக்டர் இன்னும் ஒரு மாதம் கட்டச் சொன்னார் என்றேன்.

பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடிவைத்தால் பூனைக்குட்டிக்கு என்ன ஆகும் என்று வகுப்பில் வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி அது. மறந்துபோனேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. பாடத்தில் இருந்த பூனை வேறு, என் மீனைத் திருடும் பூனை வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் கட்டை அவிழ்த்தபோது குட்டி இடது பக்கம் இருந்த தண்ணீர்க் குடத்தில் போய் முட்டிக்கொண்டது. மனைவி அந்தக் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தாள். இமைக்கவில்லை.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏங்க தெரியல?"

அவள் திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரி. அதனால் வாய்க்காலை வைத்தே சொன்னேன். மூளையில் பார்வைக்கென்று ஒரு வயல் இருக்கிறது. இரண்டு கண்களும் அதற்கு வரும் இரண்டு வாய்க்கால்கள். பயிர் வேர் பிடிக்கிற சமயத்தில் ஒன்றை அடைத்துவிட்டால், மற்றது வரப்பை உடைத்து வயல் முழுக்கப் பாய்ந்துகொள்ளும். பிறகு மதகைத் திறந்தாலும் அந்தத் தண்ணீருக்கு இடம் இருக்காது.

எங்கள் ஊரில் இதற்குத்தான் வெட்டுக்குத்தே நடக்கும் என்றாள். கொஞ்ச நேரம் குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க, டாக்டர் ஒரு மாசம்னு சொன்னப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

மீன் கதையைச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "ஒரு துண்டு மீனுக்காகவா" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு மீன் வருவது நிற்கவில்லை. என் தட்டுக்கு வருவது நின்றது.

இந்த முறை இரண்டு பேருமாக மன்னார்குடிக்குப் போனோம். குட்டி இன்னும் சின்னதுதான், தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணைக் கட்டிப் பழக்கினால் ஓரளவு திரும்பலாம் என்றார் மருத்துவர். எவ்வளவு திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வலது கண்ணைக் கட்டியதும் குட்டி நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிடும். நகர்ந்தால் நாற்காலிக் கால், கதவு, என் முழங்கால், எல்லாவற்றிலும் முட்டும். கட்டுப் போடும் என் கை நகக்கீறல்களால் நிறைந்தது. வலித்தாலும் அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. வேலை வெட்டி இல்லாத கிழவன், அதன் முன்னால் குப்புறப் படுத்து நூலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள், நல்ல கண் கட்டப்பட்ட நிலையிலேயே, நேராக வந்து மனைவியின் தட்டில் வாய் வைத்தது. நான் துள்ளி எழுந்தேன். அவள் அசையவில்லை.

"மோந்து வந்திருக்கும். இதுக்குப்போய் குதிக்கிறீங்க."

அவள் சொன்னது சரி. என் மாணவன் இப்படி ஒரு சோதனையை எழுதியிருந்தால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். சாப்பாடு முடிந்ததும் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்து, என்னிடமிருந்து நூலை வாங்கி, சத்தமில்லாமல் குட்டியின் முன்னால் ஆட்டினாள். தலை திரும்பியது. நூல் போன பக்கமெல்லாம் திரும்பியது. முன்னங்காலைத் தூக்கி ஓங்கி ஒரு அடி; காற்றில் போனது. இரண்டாவது அடி நூலில் விழுந்தது.

மறுநாள் என் தட்டில் மீன் இருந்தது. வால் துண்டு.

குட்டி இப்போது பெரிய பூனை. இடது பக்கம் அசைவது தெரிகிறது. ஆனால் தூரம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. கொல்லைச் சுவருக்குத் தாவினால் சில நாள் ஏறிவிடும், சில நாள் விழும். விழுந்தால், அதற்காகவே தாவியதுபோலக் காலை நக்கிக்கொள்ளும். சுவரோரம் இரண்டு செங்கல்லை அடுக்கிப் படி வைத்தேன். பூனை அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது விழும்போதெல்லாம் மனைவி பூனையைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறாள். சாப்பிட உட்காரும்போது நான் தட்டை அதன் வலது பக்கமாக நகர்த்தி வைக்கிறேன்.