சொல்தா வீட்டில் பிரெவே பரீட்சை

டியூஷன் வாத்தியார் பிழைப்பு, படிக்காத பிள்ளைகளை நம்பிய பிழைப்பு. அவர்கள் திருந்திவிட்டால் நமக்கு வேலை போச்சு. இந்தத் தொழிலில் அடிபட்ட அன்பர்கள் உங்களிலும் நாலு பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கொடி மாறினாலும் நம் பத்தாம் வகுப்பு மாதிரியான, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து பிரெவே பரீட்சை மாறவில்லை. அதில் ஒரு தடவை கோட்டைவிட்ட பிலோமினுக்குப் பாடம் சொல்ல, அரியாங்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் ஆற்றைத் தாண்டி வருவேன். அவள் அப்பா லூர்துசாமி, வியட்நாமில் சைகோன் வரை போய்வந்த பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிலோமினுக்கு நர்ஸ் ஆக வேண்டும். பிரெவே இல்லாமல் பயிற்சியில் சேர்க்க மாட்டார்கள். இந்தத் தடவையும் போனால் காரைக்காலில் இருக்கும் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அத்தை மகனை நான் பார்த்திருக்கிறேன். அவள் பாஸாக வேண்டும் என்று எனக்கே கவலை வந்துவிட்டது.

பிகில்

அவளைப் படிக்கவைக்க முதல் வைத்தியம் சொல்தாவுடையது. காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று பிகில் ஊதுவார். தெருவே அலறி எழுந்திருக்கும். பிலோமினும் எழுந்து, முகம் கழுவி, புத்தகத்தை விரித்து, உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். கண்ணை மூடாமல் தூங்கினாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு மாதம் கழித்து வைத்தியம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சொல்தா மீசையைத் தடவிக்கொண்டார்.

"எதிர்வீட்டுப் பையனுக்கு மார்க்கு ஏறியிருக்கு வாத்தியாரே. பிகில்ல கோளாறு இல்ல, ஆளுதான் கோளாறு!"

மெழுகுவத்தி

அடுத்தது அம்மா மதலேனம்மாளின் வைத்தியம். வாரா வாரம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். பாஸானால் ஆளுயர மெழுகுவத்தி என்று நேர்ச்சை வேறு. அன்று முதல் பிலோமின் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். பள்ளிக்கூட வழக்கப்படி என்னை முசியே என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா மாதாகிட்ட பொறுப்ப ஒப்படைச்சிட்டாங்க முசியே. நடுவுல நான் படிச்சா, நம்பிக்கை இல்லன்னு மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

என் வைத்தியம்

நான் சும்மா இருப்பேனா? உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு என் சொந்தக் கதையை எடுத்துவிட்டேன். நானும் பிரெவேயில் இரண்டு தடவை குப்புற விழுந்தவன், மூன்றாம் தடவை எழுந்தவன், இன்று நாலு பேருக்கு வாத்தியார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "அப்ப நான் இன்னும் ஒரு தடவ ஃபெயிலானாதான் உங்க அளவுக்கு வர முடியும், இல்ல முசியே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சோம்பேறிக் கழுதை!" என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னதைக் கேட்டு, கத்தியதற்காக வெட்கப்பட்டேன்.

"புக்க தொறந்தாலே போன வருஷம் சொவத்துல ஒட்டுன லிஸ்ட்டுதான் தெரியுது முசியே. மூணு தடவ தேடுனேன். என் பேரு இல்ல."

புது மாணவர்

இதை அப்படியே சொல்தாவிடம் சொன்னேன். மறுநாள் போனால், மகளுக்குப் பக்கத்தில் அதே பெஞ்சியில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார்! தனித்தேர்வராக அவரும் பிரெவேக்குப் பணம் கட்டிவிட்டாராம். "பயப்படுற சிப்பாய தனியா அனுப்பக் கூடாது. கூடப் போவணும்" என்றார்.

பட்டாளத்துப் பிரெஞ்சு அவருக்கு வாய் நிறைய உண்டு; அல்ஜீப்ரா சுத்த சூனியம். என்னிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காததால் மகளைத் தோண்டித் துருவினார். பதில் சொல்வதற்காகவே அவள் படிக்க வேண்டியதாயிற்று. அப்பா பாஸாகி அவள் ஃபெயிலானால் தெருவில் தலைகாட்ட முடியாதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே அவள் குரல் கேட்கும்.

"நேத்து சொன்னதையே இன்னிக்கும் கேக்குறீங்களே அப்பா, மூளைய சைகோன்லயே வுட்டுட்டு கப்பல் ஏறிட்டீங்களா?"

பரீட்சை ஹால்

பரீட்சையன்று சொல்தா மெடலெல்லாம் குத்திக்கொண்டு வந்தார். நானும் மதலேனம்மாளும் வெளியே மரத்தடியில் நின்றோம். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே இடி முழக்கமாக ஒரு பட்டாளத்து அதட்டல். பக்கத்து வரிசையில் ஒருவன் சட்டைக்கையிலிருந்து துண்டுச்சீட்டை உருவியிருக்கிறான். காவல் காத்தே பழகிய மனுஷன், தான் எழுத வந்தவர் என்பதை மறந்து பாய்ந்து, அவனைப் பின்கழுத்தில் பிடித்து மேற்பார்வையாளர் முன்னால் நிறுத்தி, சல்யூட்டும் அடித்திருக்கிறார். சீட்டு வைத்திருந்த குற்றத்துக்கு அவனையும், இடத்தை விட்டு எழுந்த குற்றத்துக்கு இவரையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மதலேனம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் கூத்தில் பெண் பேனாவைக் கீழே போட்டிருப்பாள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். சொல்தா முகத்திலோ அப்படி ஒரு பூரிப்பு.

"அப்பன கழுத்தப் புடிச்சுத் தள்ளுறாங்க வாத்தியாரே, அவ தலைய நிமுத்தியே பாக்கல. எழுதிகினே இருக்கா!"

லிஸ்ட்டு

முடிவு ஒட்டிய அன்று பிலோமின் சுவரிடம் போக மாட்டேன் என்று அப்பாவோடு தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். நான் போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது. எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டாம் தடவை பார்த்துவிட்டுக் கையை ஆட்டினேன். ஓடி வந்து தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தவள், நடுத்தெரு என்றும் பாராமல், பின்னாலேயே வந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் நம் கை பட்ட பிள்ளை.

இனி இந்த வீட்டில் நமக்கு வேலையில்லை என்று சைக்கிளை எடுத்தேன். சொல்தா ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க கெளம்பிட்டீங்க வாத்தியாரே? அடுத்த வருஷம் நான் எழுத வேணாமா?"

பிள்ளைக்குப் படிப்பில் ஆசை வர வேண்டுமானால் அப்பாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தால் போதும் என்று கண்டுபிடித்த எனக்கு, அந்த ஆசை அப்பாவுக்கே தொற்றிக்கொண்டால் என்ன செய்வது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.