வெள்ளை வானமும் ஒரு நிழலும்

வெரோனிகா பிரிக்பீல்ட்சில் ஒரு புகைப்படக் கடையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். பாஸ்போர்ட் எனும் கடப்பிதழுக்குப் படம் எடுக்க வருவோரின் முதுகுக்குப் பின்னால் தெரியும் எல்லாவற்றையும் கணினியில் அழித்து வெள்ளையாக்குவது அவருடைய அன்றாட வேலை. ஞாயிறு காலையில் கிள்ளானுக்கு ரயிலேறுவார். அங்குள்ள பழைய தேவாலயத்தின் வலப்புறத்தில் தகரக் கூரையிட்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. உள்ளே ஆங்கிலப் பூசை முடியும்வரை, தமிழ்ப் பாடற்குழுவினர் அங்கேதான் பாடிப் பழகுவார்கள். அவர்களுக்கு வேறு இடமில்லை.

இவ்வாண்டு தேவாலயத்தை அதன் தொடக்ககால வடிவத்துக்கே மீட்பதென்று திருப்பணிக் குழு முடிவு செய்தது. குழுவின் செயலாளர் வெரோனிகாவின் தம்பி மார்க். சுபாங் ஜெயாவில் பொறியாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்த புகைப்படத்தின் நகல் அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் தாழ்வாரம் இல்லை. ஆகவே அது பிற்காலத்தில் ஒட்டியது, இடிக்கலாம் என்பது அவர் வாதம். கூட்டத்தில் காட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கித் துப்புரவு செய்யும்படி அக்காவிடம் கொடுத்தார்.

படம் வெரோனிகாவை மயக்கியது. எடுத்தவர் சாய்வெயிலுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். தூண்களின் நிழல்கள் படிகளில் மடிந்து மடிந்து இறங்கின. மனிதர் எவரும் இல்லை. வானம் வெறும் வெள்ளை. அக்காலக் கண்ணாடித் தகடுகளில் வானம் திட்டுத்திட்டாகப் பதியும் என்பதால், தகட்டின் அந்தப் பகுதியில் மை பூசி, அச்சில் வெள்ளையாக விழச் செய்வது வழக்கம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வலது ஓரத்தில் தூரிகை வானத்தோடு நிற்கவில்லை. ஒரு தென்னையைப் பாதியில் வெட்டிக்கொண்டு தரைவரை இறங்கியிருந்தது. அதன் கீழே, புல்வெளியில், சரிந்த கூரைக்கும் இரண்டு கம்பங்களுக்கும் உரிய நிழல் கிடந்தது. நிழலுக்கு உரிய பொருள் மட்டும் இல்லை.

மாலையில் மார்க் கடைக்கு வந்தார்.

"அக்கா, இந்தக் கறையக் கிளீன் பண்ணலையா? பின்னணிய அழிக்கிறப்ப எத்தனை பேரு காதையும் சேத்து அழிச்சிருக்கே, இது ஒரு வேலையா?"

"காத அழிச்சா பாஸ்போர்ட் கிடைக்காதுடா. இது கறை இல்ல, நிழலு."

"எதோட நிழலு?"

"அதத்தான் உன் வெள்ளைக்காரரு பூசி மூடிட்டாரு. படம் அழகா வரணும்ல."

மார்க் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"மாட்டுக் கொட்டகையா இருக்கலாம் லா. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க பூசைக்கு நின்ன இடம்னு எப்படிச் சொல்றே?"

"நான் சொல்லலையே. ஆனா ஒன்னுமே இல்லனு நீயும் சொல்ல முடியாது."

"உனக்குப் பாட இடம் வேணும், அதான்."

"வேணும்தான். அதுக்காக நிழல நானா வரைஞ்சேன்? இத அழிச்சுக் குடுத்தா, அவரு பாதி செஞ்சத நான் முடிச்சு வெச்ச மாதிரி ஆயிடும்."

மார்க் படத்தை இருந்தபடியே அச்சிட்டு எடுத்துச் சென்றார்.

கூட்டத்தில் நிழலைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்களாம். பண்டகசாலை என்றார் ஒருவர். குதிரை லாயம் என்றார் இன்னொருவர். அங்கு எதுவுமே இருந்ததில்லை என்று மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை. இடிப்பதற்கு இருந்த ஒரே சான்று அந்தப் படம்தான். எனவே தாழ்வாரத்தை விட்டுவைத்தார்கள்.

மறுநாள் மார்க் தொலைபேசியில் அழைத்தார். "திருப்பணி மலர்ல படத்தப் போடுறோம். கீழ என்ன எழுதுறது? தமிழர் பூசை கண்ட தாழ்வாரத்தின் நிழல்னு போடவா? உனக்குச் சந்தோஷமா இருக்கும்."

அந்த வாக்கியத்தைப் பார்க்க வெரோனிகாவுக்கும் ஆசைதான்.

"வேணாம்டா. வலது பக்கம் மை பூசியிருக்கு, கீழ ஒரு கூரையோட நிழல் தெரியுதுனு போடு. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."