தறிக்குழியில் ஆறிய சாக்லேட்

பச்சை மைதாவுக்கு எங்கள் அம்மா அறிந்த ஒரே பயன் சுவரில் போஸ்டர் ஒட்டுவது. அதை வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, வேகவைக்காமலே உருண்டை பிடித்து, சாக்லேட்டில் முக்கித் தின்பார்கள் என்று போனில் வீடியோ காட்டினேன்.

“பசையத் துன்றதுக்கு இம்மாம் பெரிய வீடியோவா?”

“மைதாவ வறுத்துட்டுதான்மா பெசையணும்.”

“போன வாட்டி கேக்குன்னு சொல்லி குக்கரக் கருக்கின. இதுவும் கெட்டுச்சுன்னு வையி, அடுப்பாண்ட உன் நெழலு கூட வரக்கூடாது.”

அம்மா சொன்னால் சொன்னதுதான். கல்லூரி திறக்க இன்னும் ஒரு மாதம். அடுப்பும் இல்லையென்றால் எனக்கு மிச்சம் தறி அறையில் அப்பாவுக்குத் தார் சுற்றுவது மட்டுமே. அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றித் தருவது. பத்தாவது நிமிடத்தில் எனக்குக் கால் மரத்துவிடும், பதினைந்தாவது நிமிடத்தில் மூளை.

அதனால் ஒழுங்காகச் செய்தேன். மைதாவை மணம் வரும்வரை வறுத்தேன். கோலி அளவில் உருட்டினேன். உருக்கிய சாக்லேட்டில் முக்கித் தட்டில் அடுக்கினேன். பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை.

அன்று மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது. வெயிலில் உருண்டைகள் வியர்க்கத் தொடங்கின. அம்மா காய் வாங்கப் போயிருந்தாள், அப்பா பட்டு வாங்க. வீட்டிலேயே குளுமையான இடம் ஒன்றுதான்: தறிக்குழி. அப்பா கால் தொங்கப்போட்டு மிதிப்பலகையை மிதிக்கும் பள்ளம் அது. ஆனால் தறி அறைக்குள் தின்பண்டம் போகக்கூடாது, ஒரு முறுக்குகூட. கை எண்ணெய் பட்டால் புடவை போச்சு.

பட்டு மேலே, தட்டு கீழே என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டு குழிக்குள் இறக்கிவிட்டேன்.

அரைமணி கழித்துத் தறி அறையிலிருந்து, நான் கவனிக்காமலே திரும்பி வந்துவிட்டிருந்த அப்பாவின் குரல், கிசுகிசுப்பாக.

“இங்க வாம்மா. ஜல்தி. கால்ல இன்னாவோ ஜில்லுன்னு ஒட்டிகினு கீது.”

“சாக்லேட்டுப்பா.”

அவர் முதலில் தறியிலிருந்த கல்யாணப் புடவையைப் பார்த்தார். கறை இல்லை. பிறகுதான் காலைப் பார்த்தார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அம்மா காப்பிக்குக்கூட இனிப்பு போடுவதில்லை.

“மிதிக்காததா பாத்து ஒண்ணு குடு.”

கையில் எண்ணெய் படக்கூடாதென்று வாயை மட்டும் திறந்தார். போட்டேன். மறுபடியும் திறந்தார்.

“நானும் சொல்லல, நீயும் சொல்லாத.”

வாசலில் செருப்புச் சத்தம். நான் தட்டோடு அடுப்படிக்கு ஓடினேன். அப்பா அந்தக் காலோடேயே மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா நல்ல உருண்டை ஒன்றைக் கடித்து, யோசித்து, “பரவால்ல. பசையாட்டம் இல்ல,” என்றாள்.

ஜெயித்துவிட்டேன், மறுநாள் காலைவரைக்கும்.

தறி அறையைப் பெருக்கப் போன அம்மா, வாசற்படியில் தொடங்கிக் குழிக்குள் இறங்கும் எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டாள். வரிசை முடிந்த இடத்தில், மிதிப்பலகைமேல், பழுப்பாக அப்பாவின் கால் கட்டைவிரல் அச்சு.

“இது இன்னாங்க?”

“பழைய கறைடி.”

“பழைய கறைய எறும்பு இன்னிக்குதான் கண்டுபுடிச்சுதா?”

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அப்பா தின்ற இரண்டைத் தவிர. அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“பண்டம் கெடல. அடுப்பாண்ட வந்துக்கோ. ஆனா இந்தப் புடவ முடியிற வரைக்கும் நீ தறி ரூமுக்குள்ள கால வைக்கக்கூடாது.”

“அப்ப தாரு யாரு சுத்துறது?” என்றார் அப்பா, பதறிப்போய்.

“சாக்லேட்டுல கால வச்சிகினு கம்முனு நெய்ஞ்சீங்களே, நீங்களே சுத்துங்க.”

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே அடுப்படிவரை நடந்தேன். அங்கே போய்த்தான் சிரித்தேன்.

இப்போது அப்பா தார் சுற்றுகிறார், நான் மைதா வறுக்கிறேன். அம்மா கடைக்குக் கிளம்பினால் அவர் தறி அறை வாசற்படிவரை வருகிறார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் திறக்கிறார்.