தவிட்டான் முதல் தஸ்நேவிஸ் வரை

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சை வார்டில் நர்சாக வேலைக்குச் சேர்ந்தால் முதலில் பழகவேண்டியது, பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்காமல் இருப்பது. மேரியின் பிள்ளை, பாத்திமாவின் பிள்ளை என்று அம்மா பேரை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவோம். ஆனால் நீங்களும் எப்போதாவது இப்படி ஒரு கதவுக்கு வெளியே நின்றிருந்தால் தெரியும், பெற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், மூச்சு சீராகும் முன்னே பேர் வந்து நின்றுவிடும்.

பாதிப் பேர்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காரர் ஒருவரின் மகன், குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்கு வைத்த குழாயோடு கிடந்தான். ஜோசியர் 'மி'யில் வைக்கச் சொன்னாராம். மைத்துனர் போனில் தேடி மிருத்யுஞ்சயன் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு அது வாயில் நுழையவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஏலே மிருத்து, கண்ணை முழில" என்று ஓயாமல் கூப்பிடுவார்.

ஒருநாள் டாக்டர் அதைக் கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, மிருத்யுன்னா சாவு. அதை ஜெயிச்சவன்தான் மிருத்யுஞ்சயன்." பிள்ளை பிற்பாடு தேறிவிட்டான். ஆனால் அன்று முழுக்க அந்த மனிதர் வராந்தாவில் உட்கார்ந்து முழுப் பேரையும் சொல்லிச் சொல்லிப் பழகினார். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை நாளா நானேல்லா அதை வா வான்னு கூப்பிட்டிருக்கேன், சிஸ்டர்!"

ஒரு பிடி தவிடு

மாப்பிள்ளையூரணி செல்வி ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது கிருமித் தொற்றோடு எங்களிடம் வந்தது. அப்படிப் பறிகொடுத்தவர்கள் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது ஒரு வழக்கம். யாராவது ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கும் தவிட்டான் என்றே பேர். இவ்வளவு மலிவான பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை.

வாங்குகிற ஆளாக அவள் என்னைப் பிடித்தாள். கைக்குட்டையில் முடிந்திருந்த தவிட்டை அவிழ்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கை கழுவாமல் கதவைத் தொட்டாலே நான் சத்தம் போடுகிற இடம் அது. அவளை வெளியே இழுத்துப் போய், அவள் கொண்டுவந்த தவிட்டை வாங்கி அவளிடமே பிள்ளைக்கு விலையாகக் கொடுத்தேன். பிள்ளை பிழைத்து வீட்டுக்குப் போகிற அன்று, "இந்தா, உன் பிள்ளையைப் பிடி" என்று நீட்டினேன். அவள் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சத்தமாச் சொல்லாதிய சிஸ்டர், அது உங்க பிள்ளை. நான் சும்மா பால் குடுக்குதவ."

பனி

இவன் சங்கு குளிக்கிறவர் ஒருவரின் மகன். இதயத்தில் கோளாறு. செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. தாய் ஆபரேஷன் மயக்கத்தில், தகப்பன் கடலில். உள்ளே வந்த பிள்ளையின் பெரியம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சாமியார் வரும்வரை தாங்காது, ஞானஸ்நானம் கொடுக்காமல் பிள்ளையை அனுப்பக் கூடாது, தன்னால் ஆகாது, நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள். நான் இசக்கியம்மன் கும்பிடுகிறவள் என்றேன். "அவசரத்துக்கு யாரு ஊத்துனாலும் செல்லும்" என்றாள்.

ஊசி மருந்து கலக்கும் தண்ணீர்க் குப்பியை உடைத்தேன். என்ன பேர்? தகப்பன் வந்து வைக்கட்டும் என்று இருந்திருக்கிறார்கள். அவள் யோசித்து, "தஸ்நேவிஸ்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல, "தஸ்நேவிஸ், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று நெற்றியில் சொட்டுச் சொட்டாக விட்டேன். எங்கள் ஊர்க் கோயில் பனிமய மாதாவுக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பேராம் அது, பனியுடையது என்று அர்த்தமாம். வெண்பனியே விழாத இந்தக் கடற்கரையில், பிள்ளையின் பாதம் என் கையில் சில்லிட்டுக்கொண்டிருந்தது. அழக் கூடாது என்பது விதி. நான் அழுதேன்.

தகப்பன் ஈரத் தலையோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன பேரு வச்சிய, சிஸ்டர்? சொல்லுங்க, நானும் ஒருக்கா கூப்பிட்டுக்கிடுதேன்."

அழகான ஆண் குழந்தைப் பெயர்கள் என்று பஸ் ஸ்டாண்டில் அர்த்தத்தோடு புத்தகம் விற்கிறார்கள். எங்கள் வார்டு வாசலில் கடை போட்டால் ஒன்றுகூட விற்காது, இங்கே நிற்கிறவர்களுக்கு எந்தப் பேரைச் சொன்னாலும் பிள்ளை திரும்பிப் பார்த்தால் போதும்.