நைனா மாத்தின இருநூறு பேரு

கம்பெனியில ஒரு வாரம் டைம் குடுத்தாங்க. செஞ்சியில இருந்தபடியே ஒரு வெப்சைட்டை முழுசா முடிச்சுக் காட்டினா, அப்புறம் வீட்டுலயே வேலை. இல்லன்னா திங்கக்கிழமை பத்து மாசக் குழந்தையைத் தூக்கிக்கினு சென்னை ஆபீசுக்குப் போயாகணும். வூட்டுக்காரருக்குக் கப்பல் வேலை. அம்மா தவறி ரெண்டு வருசம், நைனா இங்க தனியாளு. எனக்குப் போக இஷ்டமே இல்ல.

சைட்டு, ராஜகிரி, கிருஷ்ணகிரின்னு மலைங்க மேல நிக்கிற எங்க ஊர்க் கோட்டையைப் பத்தினதுதான். பக்கங்களை நான் வெப் எடிட்டர்ல செய்வேன். அங்க படத்துக்கெல்லாம் கேமரா குடுத்த நம்பருதான் பேரு. கம்பெனி சர்வருக்கு அந்தப் பேரு ஆவாது, அது கேக்கிற மாதிரி வேற பேரு வெக்கணும். அதுக்கு நடுவுல ஒரு சின்ன புரோகிராம் இருக்குது. பழைய பேரு, புதுப் பேருன்னு ஒரு பட்டியலைக் குடுத்தா, ஃபைலையும் மாத்தும், பக்கத்துக்குள்ள இருக்கிற லிங்க்கையும் மாத்தும். ரெண்டும் சேந்து மாறணும். ஒண்ணு மட்டும் மாறினா படம் வர வேண்டிய எடத்துல வெறும் கட்டம்தான் நிக்கும்.

வெள்ளிக்கிழமை காலையிலயே கம்ப்யூட்டரை வீட்டுல விட்டுட்டுக் குழந்தைக்கு ஊசி போடப் போயி, மத்தியானம் வந்து பாத்தா, எல்லாப் பக்கத்துலயும் வெறும் கட்டம். ஃபோல்டரைத் திறந்தேன். இருநூறு படமும் தமிழ்ல பேரு வெச்சிக்கினு உக்காந்திருக்குது. ‘ராஜகிரி, தெக்குப் பக்கம்’. ‘கிருஷ்ணகிரி, படிக்கட்டு’. ‘ஆனைக்குளம், தண்ணி கம்மி’.

"இன்னா நைனா பண்ணி வெச்சிருக்க?"

"நம்ம மலைக்கெல்லாம் வெறும் நம்பர் போட்டிருந்துச்சும்மா. யாருக்குப் புரியும்? உனக்கு வேலை சீக்கிரம் முடியட்டும்னுதான்."

தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல முப்பது வருசம் இருந்தவரு. வெறும் நம்பர் போட்ட காகிதக் கட்டைப் பாத்தா, உள்ள இன்னா இருக்குதுன்னு எழுதி ஒட்டாம அவருக்குத் தூக்கம் வராது. எந்தப் பேரு எந்த நம்பருன்னு தெரியாம லிங்க்கு சேராது. படத்தையெல்லாம் எடுத்தவங்ககிட்ட திரும்ப வாங்கலாம், ஆனா ஒரு வாரமா நான் உக்காந்து வெட்டித் திருத்தினது போச்சு. "உன்னை யாரு கேட்டா? என் வேலையே போச்சு"ன்னு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவரு உள்ள போயி ஒரு நோட்டைக் கொண்டாந்து என் மேசை மேல வெச்சிட்டுப் போயிட்டாரு.

எடது பக்கம் கேமரா நம்பரு, வலது பக்கம் அவரு வெச்ச பேரு. இருநூறும் இருக்குது, ஒண்ணுகூட விடல. பழசை எழுதி வெக்காம எதையும் மாத்தக் கூடாதுங்கிறது ரெக்கார்டு ரூம் பழக்கம். அட என் நைனாவே. அதை அப்படியே டைப் பண்ணி, மொதல்ல படத்தையெல்லாம் பழைய நம்பருக்கே திருப்பினேன். அப்புறம் பக்கத்துல சர்வருக்கான பேரைப் போட்டு, புரோகிராமை ஓட்டினேன். சாயங்காலத்துக்குள்ள எல்லா மலையும் அதது எடத்துல வந்து நின்னுச்சு. அவரு வெச்ச பேரையே படத்துக்குக் கீழ தலைப்பாவும் போட்டேன். ‘தண்ணி கம்மி’யை மட்டும் எடுத்துட்டேன்.

கம்பெனியில ஒத்துக்கிற வரைக்கும் நைனாகிட்ட வாயத் திறக்கல. கத்தினதுக்கு வெக்கமாவும் இருந்துச்சு. சனிக்கிழமை காலையில மேனேஜர் போன் பண்ணி, "நல்லா இருக்கு, அங்கிருந்தே பண்ணுங்க"ன்னாரு.

சொல்லலாம்னு உள்ள போனேன். கட்டில் மேல என் பெரிய பை. குழந்தையோட சட்டையை ஒவ்வொண்ணா நீவி மடிச்சு உள்ள அடுக்கிக்கினு இருந்தாரு. தலை நிமிரல.

"என்னாலதானம்மா போற. அடுக்கியாவது குடுக்கறேன்."

"போகல நைனா. வேலை இங்கயேதான்."

அவ்ளோ நேரம் அடுக்கினவரு, பையைத் தூக்கி அப்படியே கட்டில் மேல கவுத்துக் கொட்டினாரு.