யோசேப்பு குடித்த கஞ்சி

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து குறிஞ்சிப்பிட்டிக்கு வந்த நாளில் யோசேப்பு சொன்னது, "மூண்டு மாசம், அவ்வளவுதான்." சண்டை முடிந்தபின் தம்பிமார் ஊருக்குக் கூப்பிட்டார்கள். "இந்தத் தோட்டத்து வெங்காயத்தைக் கிண்டிப்போட்டு வாறன்" என்றார். பதினாறு வருடமாக அந்த வெங்காயத்தைத்தான் கிண்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "நான் சொல்லுக் காப்பாத்திற ஆள் எண்டு ஆர் சொன்னது?" என்று தானே முந்திக்கொண்டு சிரிப்பார்.

ஆனால் அந்த வருடம் கொடுத்த சொல் சிரிக்கிற விஷயமில்லை. மகள் பிரியதர்சினி, கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை நல்லபடி பிறக்கவேண்டும் என்று தலவில தேவாலயத்து அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தார்: தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை. அதை வாயை மூடிக்கொண்டு செய்திருக்கலாம். மனிதர் கிணற்றடியிலும் கடையிலும் உரம் வாங்கப் போன இடத்திலும் தம்பட்டம் அடித்தார். மனைவி றோசலின் பேறு பார்க்கச் சிலாபத்தில் மகளோடு நின்றாள். வீட்டில் அவரும் அவருடைய விரதமும் மட்டும்.

அந்த முறை தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கின. பக்கத்துத் தோட்டக்காரர் ஜப்பாரின் மனைவி ஸக்கியா, பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு சட்டி நோன்புக் கஞ்சி நீட்டினாள். வேலிக்கு மேலால் வருவதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. சட்டியும் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி வெங்காயமாவது போகும். யோசேப்பு மூடியைத் திறந்தார். தேங்காய்ப்பால், இஞ்சி, நடுவே சின்னச் சின்ன இறைச்சித் துண்டுகள். துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கத்தான் செய்தார், கடைசியாக ருசித்துச் சாப்பிட.

இப்படியே பதினெட்டு நாள். றோசலின் போனில், "விரதம் எப்பிடிப் போகுது?" என்று கேட்பாள். "ஓம், ஓம், நல்லாப் போகுது" என்பார், பல்லிடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டு.

பதினெட்டாம் நாள் மத்தியானம் றோசலின் அழுதுகொண்டு எடுத்தாள். மகளுக்குப் பிறஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்களாம். டொக்டர் சொன்ன காரணம் எதுவும் யோசேப்பின் காதில் ஏறவில்லை. காரணம் அவருக்குத் தெரியும். நேரே வேலிக்கு ஓடினார்.

"தங்கச்சி, இனிக் கஞ்சி தராதேங்கோ. பிள்ளைக்கு எண்டு வச்ச நேத்தியை நான் இறைச்சி திண்டு முறிச்சுப்போட்டன்."

ஸக்கியா அகப்பையோடு நின்றாள். "எந்த எறச்சி? அண்ணே, நீங்க விரதம்னு ஊருக்கே சொன்னீங்களே! மொத நாள்லேந்தே ஒங்களுக்கு வேற சட்டி. அது சோயாமீட்."

யோசேப்பு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். முதலில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. சோயா போட்டு அவருடைய விரதத்தைக் காத்தவள் ஸக்கியா. இறைச்சி என்று நினைத்து, அந்த நினைப்போடே விழுங்கியவர் அவர். இதற்குப் பாவசங்கீர்த்தனத்தில் எந்தப் பாவத்தைச் சொல்வது என்றே அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் நாற்பது நாளையும் முதலாம் நாளிலிருந்து திரும்பவும் எண்ணத் தொடங்கினார். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. ஜப்பார் வீட்டுப் பெருநாள் புரியாணிக்கு வயிறு சரியில்லை என்றார். உயிர்த்த ஞாயிறன்று ஊரெல்லாம் கோழி மணக்க, இவர் பருப்பும் சோறும் தின்றார்.

அடுத்த கிழமை, வெங்காயத்துக்குத் தண்ணீர் அடிக்கும்போது போன் வந்தது. பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். யோசேப்பு பாத்தியிலேயே குந்திப் பெரிதாக அழுதார். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த ஜப்பார், செய்தி கேட்டதும் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"இன்னைக்கு நம்ம ஊட்லதான் சாப்பாடு. ஆடு அறுக்கப்போறேன்!"

"வேண்டாம் ஜப்பார், எனக்கு விரதத்தில இன்னும் நாலு நாள் கிடக்கு."

"புள்ளதான் பொறந்திட்டே அண்ணே, இனி யாருக்கு விரதம்?"

யோசேப்பு மண் கையால் கண்ணைத் துடைத்தார். "பொய்யனுக்கே அன்னம்மா பேத்தியைத் தந்திட்டா. இந்த நாலு நாளாவது உண்மையா இருந்து பாக்கிறன்."